ப்ளீச்சில் போடாத தட்டு

இந்தக் கதையில் குருவுக்குத்தான் வயது குறைவு. அவர் பெயர் ஹெலன் சுகந்தி, மூலக்கூறு உயிரியல் விஞ்ஞானி. சீடர் பூவராகன் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கோயம்புத்தூரில் நரம்பு டாக்டராகப் பேரெடுத்து, ஒருநாள் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, ஆராய்ச்சி மாணவராக அவர் முன்னால் வந்து நின்றவர். சுகந்தி அவரை "டாக்டர்" என்பார். அவர் சுகந்தியை "மேடம்" என்பார். கூட இருந்த மாணவர்களுக்கு இது கொஞ்ச நாள் வேடிக்கையாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

கிளினிக்கை ஏன் பூட்டினார் என்று எல்லோருக்கும் தெரியும். ஊரார் மூளைக்கெல்லாம் மருந்து எழுதிக்கொடுத்த மனிதரின் வீட்டிலேயே அந்த நோய் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் மனைவி குமுதாவுக்கு ஞாபகம் தேய்ந்துகொண்டிருந்தது. அதற்கு எழுதிக்கொடுக்க அவரிடம் மருந்து இல்லை.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புரதங்கள் பழுதாகிக்கொண்டே இருக்கும். பழுதானதை அடையாளம் கண்டு, துண்டு துண்டாக வெட்டி, திரும்பப் பயன்படுத்திக்கொள்வது செல்லின் அன்றாட வேலை. இந்த நோயில் அந்த வேலை மந்தமாகிவிடுகிறது. வெட்டுப்படாதவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகத் திரண்டுவிடுகின்றன. சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், நரம்பு செல்லுக்குள் அந்தக் கட்டி ஒரு பச்சைப் பொட்டாகத் தெரியும்.

பூவராகனுக்கு அந்தப் பச்சைப் பொட்டுதான் எதிரி.

மனிதருக்கு இருப்புக்கொள்ளாது. எல்லோருக்கும் முன்னால் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்துவிடுவார். செல்களை உடம்புச் சூட்டில் வைத்து வளர்க்கும் இன்குபேட்டரின் கதவைத் திறப்பார், மூடுவார், வராந்தாவில் நடப்பார், மறுபடி வந்து திறப்பார். அடிக்கடி திறந்தால் உள்ளே சூடு போய்விடும் என்று மாணவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். தெரியும் என்பார். தெரிந்தவருக்கு யார் என்ன சொல்வது?

பல மருந்துகளைப் போட்டுப் பார்த்துக் கைவிட்ட பிறகு, மஞ்சள் நிறத்தில் ஒரு ரசாயனத் தூள் பலித்தது. நரம்பு செல்கள் வளரும் தட்டில் அதைக் கரைத்து விட்டால், இரண்டாம் நாள் பச்சைப் பொட்டுகள் கரைந்துபோயிருந்தன. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அவர் சுகந்தியின் அறைக்குக் கிட்டத்தட்ட ஓடினார்.

சுகந்தி படத்தை வாங்கிப் பார்த்தார்.

"செல் எப்படி இருக்கு டாக்டர்?"

"ஒரு கட்டிகூட இல்ல மேடம்."

"நான் செல்லைக் கேட்டேன்."

"அதான் சொல்றனே, சுத்தமா இருக்கு."

சுகந்தி படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பூவராகனுக்கு எரிச்சலாக வந்தது. இந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை பாராட்டினால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தார். போய் இன்னும் பல தட்டுகளில் அதே மருந்தை விட்டார். எல்லாவற்றிலும் பொட்டுகள் கரைந்தன. அவர் படம் எடுத்தார், தட்டை ப்ளீச்சில் கவிழ்த்தார், அடுத்ததை எடுத்தார். படம் எடுத்த தட்டை ப்ளீச்சில் போட்டு அழித்துவிடுவது அந்தக் கூடத்தின் வழக்கம்தான். ஆனால் மற்றவர்கள் கவிழ்ப்பதற்கு முன் கொஞ்சம் தயங்குவார்கள். அவர் தயங்கியதே இல்லை. முப்பது வருஷம் கிளினிக்கில் "அடுத்த ஆளை வரச் சொல்லும்மா" என்று சொல்லிச் சொல்லிக் கை அப்படிப் பழகியிருந்தது.

ஒருநாள் அவர் சுகந்தியின் முன்னால் வந்து நின்று, அந்தத் தூளில் ஒரு சிட்டிகை வேண்டும் என்று கேட்டார். யாருக்கு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. உண்மையில் கேட்டதே ஒரு மரியாதைக்குத்தான். ஒரு சிட்டிகை ஏற்கெனவே சின்னக் குப்பியில் அவருடைய சட்டைப்பைக்குள் இருந்தது.

எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்காத மருந்து என்று சுகந்தி சொல்லியிருக்கலாம். சட்டம் பேசியிருக்கலாம். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"வீட்ல குமுதாம்மா எப்படி இருக்காங்க?"

பூவராகன் டாக்டராகப் பதில் சொன்னார். பெயர்கள் மறந்துவிட்டன, நேரம் குழம்புகிறது, போன மாதத்தைவிட இந்த மாதம் மோசம் என்றார். பிறகு மிச்சத்தையும் சொன்னார். குமுதா இப்போது வீட்டிலுள்ள சாமான்களைத் தேடித் தேடி எடுத்து ஒரு பழைய புடவைத் துணியில் மூட்டையாகக் கட்டுகிறாள். கரண்டி, சீப்பு, மாத்திரை அட்டை, மகளின் சின்ன வயசுக் கொலுசு, அவருடைய கண்ணாடி, எல்லாம் அதற்குள் போய்விடுகிறது. மூட்டையைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு அதன் மேல் ஒரு கையை வைத்தபடி தூங்குகிறாள். காலையில் அவர் அதைப் பிரித்து ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்துவிடுவார். அன்று பகல் முழுக்க அவள் அழுதுகொண்டே வீடு பூராவும் தேடுவாள். போன வாரம் அவரை அடித்தும்விட்டாள்.

"வீடு வீடா இருக்க வேண்டாமா மேடம்?" என்றார்.

சுகந்தி எழுந்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு நடந்தார். அன்று படம் எடுத்து முடித்த தட்டுகள் ப்ளீச்சுக்காக மேஜையில் காத்திருந்தன. மருந்து விட்டதில் ஒன்றையும் விடாததில் ஒன்றையும் எடுத்து, மூடியைச் சரிபார்த்து, தன் அறையை ஒட்டியிருந்த இன்குபேட்டரில் வைத்தார்.

"இந்த வாரம் முடியட்டும். அப்ப வந்து கேளுங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதுவரைக்கும் கதவைத் திறக்காதீங்க."

பூவராகன் சரி என்றார். சொன்னாரே தவிர, அந்த வாரம் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. இன்குபேட்டரின் முன்னால் போய் நிற்பார், கைப்பிடியில் கை வைப்பார், எடுத்துவிடுவார். ஒரு சாயங்காலம் வீட்டில் பால் ஆற்றும்போது சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்து மூடியையும் திருகிவிட்டார். எதிரே குமுதா தரையில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மூட்டைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். முடிச்சு நிற்கவில்லை. அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டாள். அவர் குப்பியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெறும் பாலைக் கொடுத்தார். கொடுத்த வாக்கு ஒன்றுதான் அன்றைக்கு அவரைத் தடுத்தது.

வாரம் முடிந்த அன்று, சுகந்தி இரண்டு தட்டுகளையும் எடுத்து வந்து மைக்ரோஸ்கோப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

பூவராகன் முதலில் மருந்து விடாத தட்டைப் பார்த்தார். பச்சைப் பொட்டுகள் முன்பைவிடப் பெரிதாகியிருந்தன. பொட்டைச் சுமந்துகொண்டே அந்த செல்கள் நீளமாகக் கிளை விட்டு, பக்கத்து செல்களைத் தொட்டுக்கொண்டிருந்தன.

பிறகு மருந்து விட்ட தட்டை வைத்தார். பச்சையே இல்லை. செல்லும் இல்லை. நைந்த துணுக்குகள் மட்டும் திரவத்தில் மிதந்தன.

அவர் லென்ஸை மாற்றினார். கிருமி புகுந்துவிட்டதா என்று தேடினார். இன்குபேட்டரின் சூட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தட்டு மாறிவிட்டதோ என்று மூடியில் இருந்த எழுத்தைப் பார்த்தார். அவருடைய கையெழுத்துதான். எத்தனையோ சாவைப் பார்த்த டாக்டர், ஒரு தட்டில் இருப்பது சாவு என்று ஒத்துக்கொள்ள அவ்வளவு நேரமாயிற்று.

"ரெண்டாம் நாள் நல்லா இருந்ததே மேடம்."

"ரெண்டாம் நாள் நீங்க பார்த்தீங்க. மூணாம் நாள் அது ப்ளீச்ல இருந்தது."

"எல்லாத் தட்டும் இப்படித்தான் ஆகியிருக்குமா?"

"இருக்கலாம்."

பூவராகன் மறுபடி குனிந்து முதல் தட்டைப் பார்த்தார். அந்தப் பச்சைப் பொட்டுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இந்தக் கட்டி?"

"வெட்ட முடியாம சிதறிக் கிடந்ததை எல்லாம் செல் ஒரு மூலையில கூட்டி வெச்சிருந்தது. மிச்ச இடத்துல அது பாட்டுக்கு வாழ்ந்துட்டு இருந்தது. உங்க மருந்து மூலையில இருந்ததை வீடு முழுக்க இறைச்சுருச்சு."

பூவராகன் சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்து மேஜையில் வைத்தார். சுகந்தி அதைப் பார்த்தார். எப்போது எடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. மூடியைத் திறந்து ப்ளீச்சில் கவிழ்த்துவிட்டு, காலிக் குப்பியையும் அதற்குள்ளேயே போட்டார்.

பூவராகன் அழுதார். பால் தம்ளரையும், எதிரே குமுதா போடப் போட நிற்காத முடிச்சையும் சொல்லி அழுதார். கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றார். பிறகு கிளினிக்கைப் பூட்டியதைச் சொன்னார், இந்த வயதில் வந்து படிப்பதைச் சொன்னார், ஒவ்வொரு நாளும் அவள் இன்னும் கொஞ்சம் போய்விடுகிறாள் என்றார். கடைசியில் கோபமாகவே கேட்டார்.

"பின்ன, நான் இன்னைக்கு அவளுக்கு என்னத்தைத்தான் கொண்டு போறது?"

சுகந்தி மருந்து விடாத தட்டைத் திரும்ப இன்குபேட்டரில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"காலையில மூட்டையைப் பிரிச்சீங்களா டாக்டர்?"

"பிரிச்சேன்."

"மாத்திரை அட்டையை மட்டும் எடுத்து வெச்சுக்குங்க. மத்ததை எல்லாம் அவங்க பக்கத்துல உட்கார்ந்து திரும்பக் கட்டிக் கொடுங்க. முடிச்சு நிக்கலைன்னீங்களே, அதை நீங்க பிடிச்சுக்குங்க."