ஏழாம் அடுக்கில் நூறு செடி

முன்னொரு காலத்தில், மரம் மட்டையெல்லாம் ஒரே ஒரு மந்திரவாதியின் வேலிக்குள் கிடந்த காலத்தில், ஏழடுக்கூர் என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே வீட்டின் மேல் வீடு, அதன் மேலும் வீடு. ஏழாம் அடுக்கில் செங்கமலமும் அவள் கணவன் நல்லமாடனும் குடியிருந்தார்கள். வாசலுக்கு வெளியே ஒரு மாடம் உண்டு. ஒரு பாய் விரித்தால் நிறைந்துவிடும், அவ்வளவுதான்.

ஒருநாள் ரசம் கொதிக்கிறது, கறிவேப்பிலை இல்லை. நல்லமாடன் கீழே ஓடி மந்திரவாதி கடுங்கண்டனின் மரத்தில் ஒரு கொத்து ஒடித்தான். கேட்கவில்லை. கறிவேப்பிலைக்குப் போய் யாராவது கேட்பார்களா, நீங்களே சொல்லுங்கள்!

"கிளியாகப் போ!" என்றான் கடுங்கண்டன். நல்லமாடன் கிளியானான்.

செங்கமலம் ஓடிவந்தாள். "ஒரு கொத்துக்கா சாமி இவ்வளவு கோபம்?"

"உன் இடத்தில் நூறு செடி வளர்த்துக் காட்டு, விடுகிறேன். அதுவரை இவனுக்கு ஒவ்வொரு வார்த்தையாக மறக்கும். எல்லாம் மறந்துவிட்டால், ஆயுசுக்கும் கிளிதான்."

செங்கமலம் கிளியோடு வீடு திரும்பி மாடத்தில் தொட்டி வைத்தாள். பன்னிரண்டு வைத்ததுமே கால் வைக்க இடமில்லை. கிளி சொன்னது: "செங்கமலம், கலங்காதே, இன்னொரு தடவை பார்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். பக்கவாட்டில்தானே இடமில்லை? மேலே சுவர் சும்மாதானே நிற்கிறது! மூங்கில்களைப் பாதியாகப் பிளந்து, அடியில் துளையிட்டு, ஏணிப்படிபோலப் பத்து வரிசை கட்டினாள். வரிசைக்குப் பத்துச் செடி. ஏழு அடுக்கு ஏறி ஒரு குடம் தண்ணீர் சுமந்துவந்து உச்சியில் ஊற்றினால், அது படிப்படியாகக் கீழே இறங்கும். ஆனால் அவசரத்தில் வல்லாரையை மேலே வைத்தாள், கற்றாழையைக் கீழே வைத்தாள். மேலே காய்ந்தது, கீழே அழுகியது. கிளி சொன்னது: "செங்கமலம், கலங்காதே."

மூன்றாம் முறை மாற்றி நட்டாள். தாகம் பொறுக்கும் கற்றாழையும் தூதுவளையும் உச்சியில். கீரைகள் நடுவில். ஈரம் கேட்கும் வல்லாரை அடியில். சுவர் முழுக்கப் பச்சை பிடித்தது.

கிளி சொன்னது: "செங்கமலம்." அதற்குமேல் அதற்கு ஒன்றும் வரவில்லை. அவள் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கடுங்கண்டன் மூச்சு வாங்க ஏறிவந்து எண்ணினான். தொண்ணூற்றொன்பது. உச்சியில் ஒரு தூதுவளை பட்டுப்போயிருந்தது. "செத்தது கணக்கில் வராது" என்று திரும்பினான்.

"செங்கமலம்! செங்கமலம்!" கிளி பறந்துபோய் அந்தக் காய்ந்த குச்சியின் அடியைக் கொத்திக் கொத்திக் காட்டியது. அங்கே விரல்நுனி அளவில் ஒரு முளை. மந்திரவாதி திரும்பிவந்து அதன் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தான்.

"இது என் மரத்து வாசனை ஆயிற்றே!"

ஆமாம். கிளி தினமும் அந்த மரத்துக்குப் போய்க் கறிவேப்பிலைப் பழம் தின்றிருக்கிறது. கொட்டை இங்கே விழுந்திருக்கிறது.

"உங்க மரத்துப் பிள்ளைதான் சாமி" என்றாள் செங்கமலம். "இது பெருசானதும் வாங்க. கேக்கவே வேணாம், பறிச்சுக்கோங்க."

அப்படி ஒரு வார்த்தையை அவனிடம் யாருமே சொன்னதில்லை. முரட்டுக் கண் நிறைந்துவிட்டது. "நூறு" என்றான், மெதுவாக.

கிளியின் இறகு உதிர்ந்தது. நல்லமாடன் நின்றான். மறந்த வார்த்தையெல்லாம் ஒன்றாகத் திரும்பிவர, முதலில் எதைச் சொல்வது என்று திணறினான்.

"செங்கமலம்... ரசம் ஆறிப்போச்சா?"

அன்றைக்கே வேலியைப் பிடுங்கிப்போட்டான் கடுங்கண்டன். ஏழு அடுக்கிலும் செடி நட்ட மூங்கில் ஏணி ஏறியது. மூன்று பேரும் சூடாக ரசம் குடித்தார்கள். அந்த வாசனை நம் வீட்டுக்கும் வரட்டும்!