ஆவுடையப்பன் குவார்க்கை இழுத்த கதை

ஆவுடையப்பன் அண்ணாச்சி புளுகுவார் என்பது ஊருக்கே தெரியும். அணுவைக்கூட விட்டுவைக்க மாட்டார் என்பது அன்றைக்குத்தான் அங்கயற்கண்ணி டீச்சருக்குத் தெரிந்தது.

மறுநாள் பெண்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. டீச்சரின் பிளஸ் ஒன் பிள்ளைகள் இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, புரோட்டான்களை மோதவிடும் வளையத்தை சைக்கிள் ரிம்மில் மாதிரியாகச் செய்திருந்தார்கள். திறப்பு விழாவில் அதை விளக்க அவர்களுக்கு ஒரு மணி நேரம். அதைத்தான் பெற்றோர் சங்கத் தலைவர் சுடலைமுத்து பிடுங்கி அண்ணாச்சி கையில் கொடுக்கப் பார்த்தார். அண்ணாச்சி வெளிநாட்டில் அப்படியொரு நிஜ வளையத்திலேயே இரண்டு வருஷம் வேலை பார்த்தவராம். என்ன வேலை என்று கேட்டால் மட்டும் இருமல் வந்துவிடும். டீச்சருக்கு வயிறு எரிந்தது.

தலைமையாசிரியர் அறையில் கூட்டம். அண்ணாச்சி இரண்டு வடையை முடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"பூமிக்கு அடியில சுரங்கம். சுத்தி வந்தா நம்ம தாலுகாவே உள்ள அடங்கிரும். கண்டவன் உள்ள போக முடியாது, பாத்துக்கிடுங்க. இறங்குத ஒவ்வொரு ஆளும் பலகையிலேருந்து ஒரு சாவிய எடுத்துக்கிட்டுத்தான் இறங்கணும். அம்புட்டுச் சாவியும் திரும்பப் பலகையில தொங்கினாத்தான் மிஷின் ஓடும். ஒரு சாவி குறைஞ்சாலும் மந்திரியே வந்து நின்னாலும் அசையாது. உள்ள ஆள் இருக்கும்போது ஓட்டிட்டா, எலும்புகூட மிஞ்சாதுல்லா!"

இவர் வாயிலிருந்து ஒரு உண்மையா என்று டீச்சருக்கே ஆச்சரியம். அந்த ஆச்சரியம் அடுத்த வாய் டீ வரைகூட நீடிக்கவில்லை.

"ஒருநாள் மிஷின் ஓடிக்கிட்டு இருக்கு. புரோட்டான் ஒண்ணு வளையத்தை விட்டுத் துள்ளி வெளிய வந்துட்டு. செகண்டுக்குப் பதினோராயிரம் சுத்து சுத்துத பய! விஞ்ஞானிமாரு எல்லாம் மேசைக்கு அடியில. நான் தோள்ல கிடந்த துண்ட வீசிப் பிடிச்சேன்."

"துண்டுல ஓட்டை விழலையா?" என்றார் டீச்சர்.

"கோயில்ல மரியாதைக்குப் போட்ட துண்டு டீச்சர்" என்றார் அண்ணாச்சி, சலிக்காமல். தலைவர் பக்தியோடு தலையாட்டினார். இந்த மனுஷனையா சங்கத்துக்குத் தலைவராக்கினோம் என்று டீச்சர் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டார்.

"பிடிச்ச புரோட்டானைப் பிச்சுப் பாத்தேன். உள்ள மூணு குவார்க்கு. ஒண்ண ஒண்ணு விடமாட்டேங்குது. அதான் வலிமையான அணுக்கரு விசைங்காவ. ரப்பர் கணக்கா, இழுக்க இழுக்க முறுக்கு ஏறுது. சுவத்துல கால ஊனி இழுத்தேன். பட்டுனு அறுந்துச்சு. தனியா ஒண்ணு வரும்னு பாத்தா, அறுந்த இடத்துல புதுசா ரெண்டு முளைச்சு ஒட்டிக்கிட்டு! விடுவேனா? இழுத்தேன். சாயங்காலத்துக்குள்ள நாலு சாக்கு குவார்க்கு."

இழுத்தால் புதுசு முளைக்கும் என்பது பாடத்தில் உள்ளதுதான். சாக்கில் அள்ளியதுதான் பாடத்தில் இல்லை. தன் பிள்ளைகள் நாக்கு வறள ஒத்திகை பார்த்த விஷயம், இந்த ஆள் கையில் நெல் மூட்டை ஆகிவிட்டதே என்று டீச்சருக்கு ஆத்திரமாக வந்தது.

"அந்தச் சாக்கெல்லாம் எங்க?"

"ஏர்போர்ட்டுல எடை கூடுதல்னு இறக்கிட்டான். அதவிடுங்க. போன ஐப்பசியில மிஷின் ஓடுத வேகத்துல அந்த விசையே களைச்சுப் போச்சு. மூணு நிமிஷம்! உலகத்துல உள்ள அணுவெல்லாம் கழண்டு சிதறப் பாத்துச்சு. நான் ஒத்தை ஆளா ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சு நிறுத்தினேன். இல்லேன்னா இந்த வடை ஏது, நீங்க ஏது, தலைவர் ஏது?"

தலைவர் தன் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "சார், அண்ணாச்சியே பேசட்டும். பிள்ளைக அடுத்த வருஷம் பேசிக்கிடட்டும்" என்றார். தலைமையாசிரியர் பேனாவைத் திறந்து நிகழ்ச்சி நிரலைத் திருத்தக் குனிந்தார்.

டீச்சர் அந்தத் தாளைக் கையால் மறைத்தார். "ஒரு அத்தாட்சி உண்டா அண்ணாச்சி?"

இதற்காகவே காத்திருந்தவர்போல அண்ணாச்சி இடுப்பிலிருந்து ஒரு சாவியை உருவி மேசையில் போட்டார். நம்பர் தகடும் வெளிநாட்டு எழுத்துமாக அசல் சாவி. "சுரங்கச் சாவி! முதநாள் இறங்கும்போது பலகையிலேருந்து எடுத்தது. ஊரு வந்து சேருத வரைக்கும் ஒரு நிமிஷம் இடுப்ப விட்டு இறங்கலை!"

டீச்சர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வயிற்றெரிச்சல் எல்லாம் சட்டென்று அடங்கியது.

"ஒரு சாவி குறைஞ்சாலும் மிஷின் அசையாதுன்னீங்க. இது ரெண்டு வருஷமா உங்க இடுப்புலதான் இருந்திருக்கு. அப்போ மிஷின் எப்போ ஓடிச்சு அண்ணாச்சி?"

அண்ணாச்சிக்கு இருமல் வந்தது. அப்புறம் நிமிர்ந்து, "நான்தான் கையால தள்ளிவிட்டேன்" என்றார்.

தலைவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலைமையாசிரியர் பேனாவை மூடி, "பிள்ளைகளே பேசட்டும் டீச்சர். அண்ணாச்சிக்கு என்ன செய்யலாம்?" என்றார்.

"முன்வரிசையில ஒரு சேர் போடுங்க சார். ஹால் சாவிய மட்டும் அவர் கையில குடுத்துராதீங்க."