கரிச்சான் வால் பிளந்த கதை

அந்தக் காலத்தில், பறவைகளும் மாடுகளும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, கரிச்சானின் வால் பிளவில்லாமல் ஒரே வாலாக இருந்தது. விரித்தால் விசிறி மாதிரி இருக்கும். அதை விரித்துக்கொண்டு வெள்ளாங்குளத்து எருதுகளின் முதுகில் உட்கார்ந்திருப்பான். ஏர் புரட்டிப் போடும் மண்ணிலிருந்து கிளம்புகிற பூச்சிதான் அவனுக்குச் சாப்பாடு. சேவலுக்கும் முந்திக் குரல் கொடுப்பவன் அவன். அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஊர் எழும், ஏர் பூட்டும்.

இத்தனை மதிப்பு இருந்தும் அவனுக்கு அந்த ஊரில் இருப்புக் கொள்ளவில்லை. சித்திரை வந்தால் குளம் வெடித்துப் போகும். பூச்சி கிடைக்காமல் வயிறு முதுகோடு ஒட்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வான். ஊர்வாயைத்தான் பொறுக்க முடியவில்லை. இராத்திரி பெண்டாட்டியோடு இரண்டு வார்த்தை கூடக்குறையப் பேசிவிட்டால், விடிவதற்குள் தோப்பு முழுக்கத் தெரிந்திருக்கும். பக்கத்துக் கிளை மணிப்புறாவுக்கு அடுத்த கூட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டறியாமல் தொண்டையில் இரை இறங்காது.

அவன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய அன்றும் மணிப்புறாதான் வழிமறித்தாள்.

"எங்கே தம்பி, ஜோடியா?"

"கேட்க ஆளில்லாத ஊருக்குப் போறோம், அக்கா."

"அப்படியும் ஒரு ஊரா? வழி தப்பிட்டா யாருகிட்டே கேப்பே?" என்று சிரித்தாள் மணிப்புறா. அவன் பறந்துவிட்டான்.

அவர்கள் போய்ச் சேர்ந்த பட்டணம், சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. அங்காடித் தெருவில் விடிய விடியத் தீவட்டி எரியும். வெளிச்சத்துக்குப் பூச்சி கொட்டும். வாயைத் திறந்து வைத்திருந்தால் போதும். கோயிலுக்குப் பின்னால் ஓர் அரசமரத்தில் கூடு கட்டினார்கள். யார், எவர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவன் பெண்டாட்டிக்கு மேளச்சத்தம் பிடித்துப்போயிற்று. அவனுக்கு உடம்பு போட்டது.

ஆனால் இராத்திரி முழுக்கத் தின்றுவிட்டுப் பகலில் கண்ணைச் செருகிக்கொண்டு கிடப்பவனுக்கு விடியல் எது, அந்தி எது? ஒருநாள் பழக்கத்தில் குரல் கொடுத்துப் பார்த்தான். வண்டிச்சத்தம் அதை விழுங்கிவிட்டது. அவன் எழுப்ப வேண்டிய தூக்கம் அந்த ஊரில் யாரிடமும் இல்லை. அன்றிலிருந்து இன்னதென்று தெரியாத ஒரு பாரம் நெஞ்சில் ஏறிக்கொண்டது.

ஒற்றைக் குஞ்சு பொரித்தது. அதற்குச் சிறகு முளைக்கிற சமயம், ஒரு நடுப்பகலில், கோபுர உச்சியிலிருந்த பருந்து கூட்டை நோக்கி இறங்கியது. பெண்டாட்டி அலறினாள். கரிச்சான் கோபுரத்து மாடப்புறாக்களைக் கூப்பிட்டான். நாலு பேர் சேர்ந்து சத்தம் போட்டால் பருந்து விலகிப் போகும், அது எல்லாப் பறவைக்கும் தெரிந்ததுதான். ஒரு மாடப்புறா மட்டும் தலையை நீட்டி, பருந்து தங்கள் மாடத்துக்கா வருகிறது என்று பார்த்தது. இல்லை என்று தெரிந்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

பருந்து அவசரப்படவில்லை.

"ஏன் தொண்டைத் தண்ணியை வத்த விடுறே? கேட்க ஆளில்லாத ஊருன்னு தெரிஞ்சுதானே வந்தே?"

தான் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்த சொல் இன்னொருத்தன் வாயில் வந்தபோதுதான் அதற்கு இப்படியும் ஓர் அர்த்தம் உண்டு என்பது அவனுக்கு உறைத்தது.

"நான் கேக்குறேன்," என்றான்.

பாய்ந்து பருந்தின் பிடரியில் கொத்தினான். பருந்து ஒரு திருப்புத் திரும்பி அவன் வாலைக் காலால் பற்றியது. அசையாமல் இருந்தால் வால் தப்பிக்கும். கூட்டில் குஞ்சு வாயைத் திறந்தபடி கிடந்தது. அவன் யோசிக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. நடு இறகுகள் அத்தனையும் பருந்தின் நகத்தில் நின்றுவிட்டன. இரத்தம் சொட்டச் சொட்ட மறுபடியும் வந்து கண்ணோரம் கொத்தினான். வாலைப் பிடுங்கிய பிறகும் திரும்பி வருகிற பறவையைப் பருந்து அதுவரை பார்த்ததில்லை. ஒரு வாய் இரைக்குக் கண்ணைக் கொடுப்பதா என்று மேலே ஏறிப் போய்விட்டது.

குஞ்சு பறக்கப் பழகியதும் மூவரும் கிளம்பினார்கள். மாடப்புறாக்கள் "ரெட்டைவாலன் போறான்" என்று சிரித்தன. அவன் நிமிர்ந்தே பறந்தான்.

வெள்ளாங்குளம் மாறியிருக்கவில்லை. குளம் வெடித்தே கிடந்தது. மணிப்புறா கிளையில் வந்து உட்கார்ந்த கையோடு ஆரம்பித்தாள்.

"என்ன தம்பி, வாலிலே பாதியைக் காணோம்?"

முன்பு என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பான். இப்போது வாலை நன்றாக விரித்துக் காட்டி, ஒன்று விடாமல் சொன்னான். சாயங்காலத்துக்குள் தோப்பே அந்த வாலை வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. எருது தானாகவே முதுகைக் காட்டி நின்றது.

மறுநாள் மணிப்புறாவின் கூட்டுக்கு மேலே ஒரு நிழல் வட்டமிட்டது. அவள் கூப்பிட வாய் திறப்பதற்குள் அவன் வானத்தில் இருந்தான். அது நம் கூடு இல்லையே என்று பெண்டாட்டி சொன்னது அவன் காதில் விழவில்லை.

கரிச்சானின் வால் இரண்டாகப் பிளந்திருப்பதும், அவன் இருக்கிற மரமாகத் தேடி மணிப்புறா முட்டை வைப்பதும், கைக்குள் அடங்குகிற அந்தக் கறுப்பனைக் கண்டால் பருந்து வழி மாறிப் பறப்பதும் அந்த நாளிலிருந்துதான்.