மிளகு வியாபாரிக்குக் கிடைத்த பிரபு பட்டம்

மருதங்கோட்டை அரசர் வீரகேசரியின் சபையில் திருமேனி என்று ஒரு விகடகவி இருந்தார். அவர் வாயைத் திறந்தால் அரசருக்குச் சிரிப்பு வரும்; மற்றவர்களுக்குப் பயம் வரும்.

அதே ஊரில் மிளகு வியாபாரி அம்பலவாணர் பெரும் பணக்காரர். பஞ்சத்தின்போது ஊருக்கே கஞ்சி ஊற்றியவர். மனம் குளிர்ந்த அரசர் அவருக்குப் பிரபு பட்டம் தருவதாக அறிவித்தார். அன்று முதல் அம்பலவாணரின் கால் தரையில் படவில்லை. அடுத்த தெருவுக்குப் போவதென்றாலும் பல்லக்குதான்.

அவருடைய மகள் கோமளம், கடையில் தராசு பிடிக்கும் சேந்தனை விரும்பினாள். தாய் சிவகாமிக்கும் சம்மதம். அம்பலவாணரோ குதித்தார்.

"பிரபு வீட்டுப் பெண்ணுக்குத் தராசுக்காரனா? ஒரு பாளையக்காரரைப் பார்த்து வைத்திருக்கிறேன்."

"அந்த மனிதருக்கு உங்கள் வயது இருக்குமே!" என்றாள் சிவகாமி.

"இருக்கட்டும். வீட்டில் யானை நிற்கிறதே!"

"என் பெண் யானையையா கட்டிக்கொள்ளப் போகிறாள்?"

அம்பலவாணர் கேட்கவில்லை. பட்டம் கட்டியதும் வரும் முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் என்று சொல்லிவிட்டார். கோமளம் சாப்பாட்டைத் தொடவில்லை. சேந்தன் திருமேனியிடம் ஓடி, கோமளத்தைத் தனக்கே கட்டிவைக்கும்படி கேட்டான்.

"தம்பி, பட்டம் கட்டும் அன்று சபைக்கு வா. என்னிடம் கேட்டதை அவரிடமே கேள்" என்றார் திருமேனி.

"அடிப்பாரே, ஐயா!"

"பிரபுக்கள் சபையில் அடிக்க மாட்டார்கள். தைரியமாக வா."

அந்த நாட்டில் ஒரு பழைய வழக்கம். பட்டம் கட்டும் நாளில் சபையில் யார் எதைக் கேட்டாலும் புதிய பிரபு மறுக்கக் கூடாது. மறுத்தால் பட்டம் அந்த நிமிடமே பறிபோகும். ஜனங்களும் வேட்டி, மாடு என்று அளவோடுதான் கேட்பார்கள்.

அம்பலவாணர் அரண்மனை வாசலில் மாடுகளைக் கட்டிவிட்டு வந்திருந்தார். பிரபுவுக்குரிய தலைப்பாகையை வைத்துப் பட்டம் கட்டியாயிற்று. ஒரு கிழவி பசு கேட்டாள், கொடுத்தார். ஒரு புலவர் பட்டு கேட்டார், கொடுத்தார். முகமெல்லாம் பூரிப்பு.

சேந்தன் முன்னால் வந்தான். "ஐயா, கோமளத்தை எனக்குக் கல்யாணம் செய்து கொடுங்கள்."

அம்பலவாணரின் முகம் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்தது. "உனக்கா? மா..."

"நிறுத்துங்கள் பிரபுவே!" என்று திருமேனி பதறினார். "ஏன் மறுக்கிறீர்கள்?"

"என் அந்தஸ்து என்ன, இவன் அந்தஸ்து என்ன?"

"அப்படியானால் தாராளமாக மறுங்கள். பட்டம் போய்விடும். நீங்கள் பழையபடி மிளகு வியாபாரி. மிளகு வியாபாரி பெண்ணுக்கு மிளகு நிறுக்கிற பிள்ளை! அந்தஸ்தில் என்ன குறை? மறுத்த காரணமே இல்லாமல் போய்விடுமே!"

"அவள் தாயை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?" என்று இழுத்தார் அம்பலவாணர்.

பெண்கள் பக்கத்திலிருந்து சிவகாமியின் குரல் வந்தது. "கேட்டாயிற்று. சம்மதம்!"

அம்பலவாணர் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்தார். தாயின் அருகில் நின்ற மகளின் முகத்தைப் பார்த்தார். பட்டத்தை இழக்கவும் மனமில்லை, மகளை அழவைக்கவும் மனமில்லை. "சரி, கொடுத்தேன்" என்றார்.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் தோளில் இருந்த சால்வையை எடுத்துத் திருமேனிக்குப் போர்த்தினார். "உனக்கும் ஒரு பிரபு பட்டம் கட்டிவிடட்டுமா?"

திருமேனி இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிட்டார்.

"ஐயோ, வேண்டாம் மகாராஜா! எனக்கு நான்கு பெண்கள்."