மீன் வளர்த்த மகாராசா

கடலுக்குத் தள்ளி, காட்டுக்குத் தள்ளி, மழைக்கும் வெகுவாகத் தள்ளி ஒரு சீமை இருந்தது, கேட்டுக்கொள்ளுங்கள். அதை ஆண்டவர் மதிவேள் மகாராசா. மதி பெயரில் மட்டும் இருந்தது.

அந்த ஊருக்கு ஆறு கிடையாது. கிணறு வெட்டினால் உப்பு. குடிக்க இருந்தது ஒரே ஒரு ஊருணிதான்.

தினமும் காலையில் ராசா அதன் கரைக்கு வந்து அதில் இருந்த மீன்களுக்கு ஒரு பிடி பொரி போடுவார். அவை வாயைத் திறந்துகொண்டு ஓடிவரும்.

"மந்திரி, மனிதர்கள் வாயைத் திறந்தால் குறை சொல்கிறார்கள். இவை என்னை வாழ்த்துகின்றன, பாரும்!"

"ஆமாம் மகாராசா, எனக்கே காதில் விழுகிறது" என்பார் மந்திரி. மந்திரி உத்தியோகம் என்றால் சும்மாவா!

ஒருநாள் ஒரு கொக்கு ஒரு மீனைக் கொத்திக்கொண்டு போயிற்று. ராசாவுக்கு வந்ததே கோபம்! மூன்று ஆணை பிறந்தது. கொக்கும் நாரையும் இறங்காதபடி கரையில் தமுக்கு அடிக்க வேண்டும். குஞ்சுகளைத் தின்கிற விரால் மீனையெல்லாம் பிடித்து அகற்ற வேண்டும். கோடையில் தண்ணீர் வற்றும்போது ஊரே ஊத்தாக் கூடையோடு இறங்கி மீன் பிடிக்குமே, அந்தத் திருவிழா இனிக் கூடாது. அகற்றிய விரால் அத்தனையும் மந்திரி வீட்டுக் குழம்பில் நீந்தியது என்று ஊரில் பேச்சு.

முதல் வருடம் மீன் பெருகியது, ராசா கூடை கூடையாகப் பொரி போட்டார். இரண்டாம் வருடம் இன்னும் பெருகியது, மூட்டை மூட்டையாகப் போட்டார். மூன்றாம் வருடம் வண்டி வண்டியாகக் கொட்டினார். ஒரு மீன்கூட விரல் நீளத்துக்கு மேல் வளரவில்லை. தண்ணீர் பாசி பிடித்து நாறியது.

ஊருணிப் படியைக் கூட்டுகிறவள் சடைச்சி. அந்தத் தண்ணீரைக் குடித்து அவள் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். சடைச்சி பதறிப்போய் அரண்மனைக்கு ஓடினாள்.

"சாமி, உழக்கரிசிப் பானையில் படியரிசி போட்டால் பொங்கி அடுப்புத்தான் அணையும். இந்தக் கோடையிலாவது ஊத்தாப் போட விடுங்கள்."

"உங்கள் மீன்குடிகள் பெருகுவதில் இவளுக்கு வயிற்றெரிச்சல், மகாராசா!" என்றார் மந்திரி. ராசா சிரித்து அவளை அனுப்பிவிட்டார்.

கோடை வந்தது. தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியது. காற்றே இல்லாத ஒரு விடியலில் அத்தனை மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"ஆகா, இன்றைக்கு என்ன வாழ்த்து!" என்று பூரித்துப்போய் ராசா இரண்டு வண்டிப் பொரியைக் கொட்டினார்.

"ஐயோ, அவை மூச்சுக்குத் தவிக்கின்றன சாமி!" என்று கத்தினாள் சடைச்சி. யார் காதில் விழுந்தது?

மறுநாள் ஊருணி முழுவதும் வெள்ளை வெள்ளையாய் வயிறு மிதந்தது. ஒரு வாய் தண்ணீர் குடிக்க வழியில்லை. ஊர் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அயல்சீமைக்கு நடந்தது. முன்வரிசையில் மந்திரி.

மகளை முதுகில் சுமந்துகொண்டு சடைச்சி கடைசியாகக் கிளம்பினாள். ராசா வழியை மறித்தார். "நீயும் போய்விட்டால் நான் யாருக்கு ராசா?"

"தண்ணீர் இருந்தால் ஊர், ஊர் இருந்தால் ராசா. தாகம் எடுத்தால் நீங்களும் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வாருங்கள்" என்றாள்.

மகுடத்தைப் படியில் வைத்துவிட்டு ராசா குடம் தேடப் போனார்.

ஆகவே அறியுங்கள்: இடம் தாங்கும் அளவை மறந்து எதைப் பெருக்கினாலும், பெருகியதும் அழியும், இடமும் அழியும்.