நலமாக இருந்தால் ஒரு மரக்கால்

பூவராகனுக்கு மூளை அதிகம் என்று அரண்மனையில் எல்லோரும் சொல்வார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சொன்னவன் பூவராகன்தான்.

வேங்கைநாட்டில் மருதப்பர் என்றொரு வைத்தியர் இருந்தார். நோய் வரட்டும் என்று காத்திருக்கிற ஆளில்லை. வீடு வீடாகப் போய், நன்றாக இருக்கிறவனையும் உட்காரவைத்து நாடி பிடிப்பார். பிள்ளைகளுக்குக் குடற்பூச்சி மருந்து கொடுப்பார். அவர் வந்தபிறகு வாந்திபேதி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அவருக்கு எப்படிக் கூலி கொடுப்பது? ராஜா கேசரிவர்மர் கேட்டதும் பூவராகன் துள்ளி எழுந்தான்.

“நலமாக இருக்கிறவர் ஆண்டுக்கு ஒரு மரக்கால் நெல் தரட்டும். நோயாளி தரவேண்டாம். அப்புறம் பாருங்கள், வைத்தியர் யாரையாவது படுக்க விடுவாரா!”

சபை ஆரவாரித்தது. பூவராகன் மீசையை முறுக்கிக்கொண்டான்.

அறுவடை முடிந்தது, நெல் அளக்கும் நாள் வந்தது. ஐயோ, ஊரே படுத்துவிட்டது! குஸ்திக்காரன் மல்லன் இருமினான். அளக்கும் நாளைத் தெருத்தெருவாகக் கூவிய தண்டோராக்காரனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ராஜாவுக்கே தலைவலி. பூவராகன்? வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினான். தன் திட்டத்தில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்ததும் அவன்தான், அதில் முதலில் புகுந்ததும் அவன்தான்.

மருதப்பர் மூட்டை கட்டினார். “ஊர் முழுக்க நோயாளி என்றால் நான் என்ன வைத்தியன்? போய்வருகிறேன்.”

ராஜா பதறிப்போனார். “பூவராகா! உன் யோசனைதானே இது? அவர் போனால் நீயும் அவர் பின்னாலேயே நடையைக் கட்டு!”

பூவராகன் வைத்தியரைத் தனியே இழுத்துப்போய்க் காதில் ஏதோ சொன்னான்.

மறுநாள் அரண்மனையில் ஊருக்கே விருந்து. அதிரசமும் பால்பாயசமும் தெருக்கோடிவரை மணத்தன. எல்லோரும் இலைமுன் உட்கார்ந்தபிறகு மருதப்பர் ஓர் அண்டாவோடு வந்தார்.

“நோயாளிகளுக்கு விருந்து கிடையாது. உப்பில்லாக் கஞ்சிதான். அதற்குமுன் ஆளுக்கு ஒரு கிண்ணம் பேதி மருந்து!”

“சும்மா மிரட்டுகிறார்” என்று மல்லன் முணுமுணுத்தான். யாரும் அசையவில்லை.

மருதப்பர் திரும்பினார். “பூவராகரே, உங்களுக்குத்தானே வயிற்றுவலி? முதலில் நீங்கள்.”

வைத்தியர் காதில் அவன் சொன்னதில் இது இல்லவே இல்லை! கண்ணைச் சிமிட்டிப் பார்த்தான், வைத்தியர் கண்டுகொள்ளவில்லை. குடிக்காவிட்டால் திட்டம் கவிழும், நாட்டைவிட்டே போகவேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மடக்மடக்கென்று குடித்தான். பாவம், முகம் எட்டுக் கோணலாயிற்று.

அந்த முகத்தைப் பார்த்த ராஜா அலறினார். “எனக்குத் தலைவலி விட்டுவிட்டது! என் மரக்காலை உடனே அளந்து போடுங்கள்!”

“எனக்கும் இருமல் போச்சு!” என்றான் மல்லன். ஆளாளுக்கு வீட்டுக்கு ஓடி, நெல் மூட்டையோடு திரும்பி வந்து வாசலை அடைத்துக்கொண்டார்கள். மருதப்பர் தன் மூட்டையை அவிழ்த்தார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். “பிழைத்தாய் பூவராகா! என்ன வேண்டும், கேள். பொன்னா, நிலமா?”

வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் முட்டிமோதிக்கொண்டிருந்த பூவராகன் கதறினான்:

“வழி, மகாராஜா! கொல்லைக்கு வழிவிடச் சொல்லுங்கள், அது போதும்!”