பேசிக்கொண்டே ஓடியவர்

மாஸ்டருக்கு முப்பத்தாறு வயது. பெயர் ரெஜினா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. ஒருகாலத்தில் மாநில அளவில் ஓடியவர். இடது குதிகாலில் நீளமாக ஒரு தையல் தழும்பு உண்டு. அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

தனுஷ்கோடிக்கு ஐம்பத்தொன்பது. கரண்டு கம்பம் ஏறுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் குளக்கரையில் ஓட வரும் மற்றவர்களைப் போல அவரும் ரெஜினாவை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குளத்தைச் சுற்றி முடித்தவர்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் சுக்குக் காப்பி கேன் மூடியபடி இருக்கும். கடைசி ஆள் வந்து மூடியைத் திறந்த பிறகுதான் எல்லோருக்கும் காப்பி.

அந்தக் கடைசி ஆள் எப்போதும் தனுஷ்கோடிதான்.

அது மரியாதை என்று நினைத்துத்தான் மாஸ்டர் அந்த வழக்கத்தை வைத்தார். தனுஷ்கோடிக்கோ அது தண்டனை. இருபது பேரைக் காக்க வைக்கிறோமே என்று தினமும் கூனிக் குறுகித்தான் மூடியைத் திறப்பார்.

அவர் மனைவி பூரணம் இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்குள் இருந்தால் மூச்சு முட்டியது. ஓடுகிற அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர் காலையில் எழுந்தார்.

பங்குனியில் முழங்கால் வீங்கியது. மருத்துவர் நீரை எடுத்துவிட்டு, இன்னொரு தடவை வீங்கினால் ஓட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினார். ஆறு வாரம் வீட்டில் கிடந்தார். அந்த ஆறு வாரத்தை அவர் எப்படிக் கழித்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

திரும்பி வந்த மனிதர் சும்மா இருந்தாரா? முழங்காலில் துணியை இறுக்கிச் சுற்றினார். அது தெரியாமல் இருக்க முழுக்கால் சட்டை. வலி மாத்திரை ஒன்றையும் விழுங்கிவிட்டு, முன்னால் போனவர்களை விரட்டினார். வளைவில் இரண்டு பேரைப் பிடித்தும் விட்டார். சின்னப் பையனைப் போலச் சந்தோஷப்பட்டார். மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில் மாஸ்டரிடம் போய் நின்றார்.

"கொஞ்சம் வேகம் கூட்ட ஏதாவது வழி சொல்லுங்க மாஸ்டர். கடைசியா வந்து வந்து மானம் போகுது."

மாஸ்டர் அவர் முழங்காலைப் பார்த்தார். கால்சட்டைத் துணிக்கு அடியில் கட்டு புடைத்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு மாத்திரை போடாம வாங்க சார். நான் உங்ககூட ஓடுறேன்."

தனுஷ்கோடிக்குத் திக்கென்றது. மாத்திரை விஷயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் போட்டிருக்கேன்" என்றார் மாஸ்டர். குனிந்து குதிகாலை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

மறுநாள் எல்லோரும் புறப்பட்டுப் போன பிறகு இவர்கள் இருவரும் கிளம்பினார்கள். பத்தடி போயிருப்பார்கள்.

"உங்க வீட்டுக்காரம்மாவை முதல்ல எங்க பார்த்தீங்க சார்? ஓடிக்கிட்டே சொல்லுங்க."

தனுஷ்கோடி திரும்பிப் பார்த்தார். மனசைத் தேற்றிக்கொள்ளச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். பூரணத்தைப் பற்றிக் கேட்டவர் இத்தனை மாதத்தில் ஒருவர்கூட இல்லை.

"முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவ. வேகத்துக்கும் அதுக்கும் என்ன மாஸ்டர் சம்பந்தம்?"

"நீங்க சொல்லுங்க."

சொல்ல ஆரம்பித்தார். பெருங்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள், ஒரு தெருவில் கம்பத்தின் மேல் இருந்தார். கீழே ஒரு பெண் கையை நெற்றிக்குக் குடையாக வைத்து அண்ணாந்து பார்த்து, மேலே ஏறி வேலை பார்க்கிறீர்களா, வேடிக்கை பார்க்கிறீர்களா என்று கேட்டாள். இறங்கிய வேகத்தில் கட்டிங் பிளேயரை மேலேயே மறந்துவிட்டார். அதை எடுக்கத் திரும்பவும் ஏறினார். அவள் சிரித்தாள்.

அந்த இடத்தில் கரை வளைந்தது. முன்னால் ஓடுகிறவர்களின் முதுகுகள் தெரிந்தன. பழக்கத்தில் அவர் கால்கள் விரைந்தன.

"அப்புறம் பூரணம்..."

அதற்கு மேல் மூச்சு வரவில்லை.

மாஸ்டர் வேகத்தைக் கூட்டவில்லை. பின்னாலிருந்து கேட்டார்.

"அப்புறம் அம்மா என்ன சொன்னாங்க?"

பதில் சொல்ல அவர் மெதுவாக வேண்டியிருந்தது. மெதுவானார். சொன்னார்.

மதகுக்குப் பக்கத்தில் மறுபடியும் அப்படித்தான் ஆயிற்று. மறுபடியும் அதே கேள்வி. மூன்றாவது தடவை, கேள்வி வரும் முன்பே அவர் காலைத் தளர்த்திவிட்டார். அதற்குப் பிறகு கதை அறுபடவில்லை. பெண் கேட்டுப் போனது, அவள் அப்பா முகம் கொடுத்துப் பேசாதது, நிச்சயத்தன்று பூரணம் சமையல்கட்டில் இருந்தபடியே பிளேயர் பத்திரமா என்று கேட்டது. அழுதுகொண்டே ஓட முடியும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

புளியமரத்துக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. என்றைக்கும் இல்லாத தாமதம். ஒருவர் நகர்ந்து இடம் விட்டார்.

தனுஷ்கோடி உட்கார்ந்து, கால்சட்டையைச் சுருட்டி, எல்லோர் முன்னாலும் துணிக்கட்டை அவிழ்த்தார். முழங்காலை அழுத்திப் பார்த்தார். வீக்கம் இல்லை. பிறகு கேனின் மூடியைத் திறந்து, ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். கடைசிக் கோப்பையை மாஸ்டரிடம் நீட்டினார்.

"இவங்களை எல்லாம் இன்னும் எத்தனை நாள் காக்க வைக்கிறது மாஸ்டர்? நான் எப்பதான் வேகமா வருவேன்?"

மாஸ்டர் காப்பியைக் குடித்து முடித்தார்.

"நிச்சயதார்த்தம் வரைக்கும்தான் சார் வந்திருக்கோம். இன்னும் முப்பத்திரண்டு வருஷம் இருக்கு. அதுக்குள்ள என்ன அவசரம்?"